வாசலில் பத்து நிமிடம்

2008 நவம்பரில் கலிஃபோர்னியா மக்கள் அதிபர் தேர்தலோடு சேர்த்து இன்னொரு கேள்விக்கும் வாக்களித்தார்கள். ஒருபாலினத் திருமணத்துக்கு நீதிமன்றம் தந்திருந்த உரிமையை நீக்கலாமா என்பது கேள்வி. நீக்கலாம் என்றவர்கள் 52 சதவீதம். அதற்குப் பிறகு ஒருபாலின ஈர்ப்புள்ளவர்களுக்கும் திருநர்களுக்கும் துணைநிற்கும் லாஸ் ஏஞ்சலிஸ் எல்ஜிபிடி மையத்தின் பிரசாரக்காரர் டேவ் ஃப்ளைஷர் ஒரு காரியம் செய்தார். தங்களுக்கு எதிராக வாக்குகள் குவிந்த பகுதிகளுக்கே தொண்டர்களை அனுப்பினார். அவர்கள் வீடு வீடாகக் கதவைத் தட்டி, "ஏன் அப்படி வாக்களித்தீர்கள்?" என்று கேட்டார்கள். கேட்டுவிட்டு வாதாடவில்லை, பதிலைக் காதுகொடுத்துக் கேட்டார்கள்.

அப்படிப் பேசிப் பேசியே ஒரு முறை உருவானது. இன்று அதன் பெயர் 'டீப் கான்வஸிங்', அதாவது ஆழமான வாசல் பிரசாரம். பேச்சு ஓர் எண்ணில் தொடங்கும். திருநர்களைப் பாகுபாட்டிலிருந்து காக்கும் சட்டத்துக்கு உங்கள் ஆதரவு 0 முதல் 10 வரை எவ்வளவு? வீட்டுக்காரர் 'இரண்டு' என்று சொன்னாலும் தொண்டர் முகம் சுளிக்கக் கூடாது. ஏன் அந்த எண் என்று மட்டும் கேட்க வேண்டும். பிறகு, உங்களுக்குத் தெரிந்த திருநர் யாராவது உண்டா? அடுத்ததுதான் முக்கியமான கேள்வி: மற்றவர்களிடமிருந்து வேறுபட்டிருக்கிறீர்கள் என்பதற்காக உங்களை யாராவது எப்போதாவது மட்டமாக நடத்தியிருக்கிறார்களா? வீட்டுக்காரர் தன் கதையைச் சொல்வார், தொண்டரும் தன் கதையைச் சொல்வார். கடைசியில் மறுபடியும் அதே எண். எல்லாம் சுமார் பத்து நிமிடம்.

இதனால் உண்மையிலேயே மனம் மாறுகிறதா என்று சோதிக்கப்போன கதை, அறிவியலுக்கு அவ்வளவு பெருமை சேர்க்காத விதத்தில்தான் ஆரம்பித்தது. 2014 டிசம்பரில் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. ஒரே ஒரு வாசல் பேச்சு பல மாதங்களுக்கு மனத்தை மாற்றிவிடுகிறது என்றது. உலகமே அதைக் கொண்டாடியது. டேவிட் புரூக்மன், ஜோஷுவா கல்லா என்ற இரண்டு இளம் ஆய்வாளர்கள் அதே ஆய்வை வேறு இடத்தில் செய்து பார்க்கலாம் என்று இறங்கினார்கள். மூலத் தரவைப் புரட்டியபோது அதன் எண்கள் சந்தேகத்துக்கு இடமளிக்கும் அளவுக்கு ஒழுங்காக இருந்தன. நிஜ மனிதர்களின் பதில்கள் அவ்வளவு சமர்த்தாக இருக்காது. 2015 மே மாதம் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் பொய்யை அம்பலப்படுத்திய அதே இருவர் மயாமி நகரில் ஒழுங்கான சோதனையைச் செய்து முடித்தார்கள். 56 தொண்டர்கள், 501 வாக்காளர்கள். குலுக்கல் முறையில் ஒரு பகுதியினரிடம் திருநர் உரிமை பற்றிய பேச்சு, மற்றவர்களிடம் குப்பை மறுசுழற்சி பற்றிய பேச்சு. வாசல் பேச்சோடு தொடர்பு இருப்பதே தெரியாதபடி, தனியாக ஓர் இணையக் கருத்துக்கணிப்பு என்ற பெயரில் அவர்களின் மனநிலையை அளந்தார்கள். மூன்று மாதங்களுக்குப் பிறகும் மாற்றம் நின்றது. பேசியவர் திருநராக இருந்தாலும் இல்லாவிட்டாலும் பலன் கிடைத்தது. 2016-ல் இந்த முடிவு அதே 'சயின்ஸ்' இதழில் வந்தது. போலித் தரவு சொன்னதில் ஒரு பாதி உண்மைதான் என்று ஆனது, வேடிக்கைதான்.

இந்த மாற்றம் எவ்வளவு அபூர்வம் என்று தெரிய இன்னொரு கணக்கைப் பார்க்கலாம். அமெரிக்கப் பொதுத்தேர்தல்களில் துண்டறிக்கை, தொலைபேசி, வீட்டுப் படியேறல் என்று கட்சிகள் செய்யும் வழக்கமான பிரசாரத்தைப் பற்றிய 49 கள ஆய்வுகளை இதே இருவரும் 2018-ல் தொகுத்தார்கள். யாருக்கு வாக்களிப்பது என்ற முடிவில் அந்தப் பிரசாரத்தின் சராசரி விளைவு ஏறக்குறைய பூஜ்யம்.

வாசல் பேச்சில் எந்தப் பகுதி வேலை செய்கிறது? 2020-ல் அதே இருவரும் பிரித்துப் பார்த்தார்கள். ஆவணமில்லாமல் குடியேறியவர்கள் பற்றிய உரையாடலில் ஒரு குழுவினருக்கு வெறும் வாதங்கள், இன்னொரு குழுவினருக்கு அதே வாதங்களோடு தீர்ப்புச் சொல்லாமல் கதை பகிர்தல். வாதம் மட்டும் கேட்டவர்கள் அசையவில்லை. கதை பகிர்ந்தவர்களிடம் சிறிய மாற்றம் தெரிந்தது, அது குறைந்தது நான்கு மாதங்கள் நீடித்தது.

காரணம் ஓரளவு தெரிகிறது. அரசியல் நம்பிக்கை என்பது நமக்கு வெறும் கருத்து அல்ல, 'நான் யார்' என்பதன் ஒரு துண்டு. 2016-ல் மூளை ஆய்வாளர் ஜோனஸ் கப்லானும் சகாக்களும் 40 பேரை, மூளையின் இயக்கத்தைப் படம்பிடிக்கும் எஃப்எம்ஆர்ஐ கருவியில் படுக்கவைத்து அவர்களின் நம்பிக்கைகளை மறுக்கும் வாக்கியங்களைக் காட்டினார்கள். அரசியல் நம்பிக்கையைத் தொட்டபோது, தன்னைப் பற்றி நினைக்கையில் இயங்கும் மூளைப் பகுதிகள் கூடுதலாக இயங்கின. மனம் மாறாமல் அடம்பிடித்தவர்களிடம், அச்சம் போன்ற உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டலா என்ற மூளைப் பகுதியின் இயக்கம் அதிகம். மூளைப் படங்களை வைத்து அளவுக்கு மீறி ஊகிப்பது ஆபத்து, அது வேறு விஷயம். ஆனால் சண்டையில் சொல்லும் நல்ல வாதம்கூட ஏன் காதில் ஏறுவதில்லை என்பதோடு இது பொருந்துகிறது. இஸ்ரேல் உளவியலாளர்கள் கை இட்ஸ்சகோவும் அவி க்ளூகரும் காட்டியது இதன் மறுபக்கம்: கவனமாகக் கேட்கும் ஒருவர் எதிரே இருந்தால் பேசுபவரின் பதற்றம் குறைகிறது, தன் கருத்துக்குள்ளேயே இருக்கும் முரண்களை அவரே கவனிக்க ஆரம்பிக்கிறார். அவரை மடக்க வேண்டிய வேலை நமக்கு இல்லை.

குரலுக்கும் இதில் பங்கு உண்டு. எதிர்க்கருத்தைப் படிக்கும்போது எழுதியவரை அறிவற்றவராகவும், அதையே அவர் குரலில் கேட்கும்போது யோசிக்கத் தெரிந்த மனிதராகவும் நினைக்கிறோம் என்று ஜூலியானா ஷ்ரோடரும் நிக்கலஸ் எப்லியும் 2017-ல் காட்டினார்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வெட்டுக்குத்து நடத்தும் சித்தப்பா நேரில் வந்தால் சாதுவாக இருப்பதன் மர்மம் கொஞ்சம் இதில்தான் இருக்கும்.

இதையெல்லாம் வைத்து, அன்பாகப் பேசினால் ஜனநாயகமே பிழைத்துவிடும் என்று நம்புகிறவர்களுக்கு நல்ல செய்தி இல்லை. 2022-ல் எரிக் சான்டோரோவும் புரூக்மனும் எதிரெதிர்க் கட்சிக்காரர்களைக் காணொளி அழைப்பில் ஜோடி சேர்த்தார்கள். 'எனக்கு ஒரு நல்ல நாள் எப்படி இருக்கும்' என்று பேசியவர்களிடம் வெறுப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால் மூன்று மாதத்தில் பெரும்பகுதி கரைந்துபோனது. கருத்து வேறுபாட்டைப் பற்றியே பேசவைத்த ஜோடிகளிடம் பலனே இல்லை. 2023-ல் வந்த இன்னோர் ஆய்வின்படி, எதிர்க்கட்சிக்காரர் மீதான வெறுப்பு குறைந்தாலும், தன் கட்சி ஜனநாயக விதிகளை மீறினால் அதைப் பொறுத்துக்கொள்ளும் குணம் அப்படியே இருக்கலாம்.

செலவையும் சொல்லியாக வேண்டும். மயாமியில் முதல் கருத்துக்கணிப்புக்குப் பதில் தந்தவர்கள் 1,825 பேர், அவர்களில் தொண்டர்கள் வந்தபோது கதவைத் திறந்தவர்கள் அந்த 501 பேர்தான். அவர்களுக்கு முன்னால் நின்ற திருநர் தொண்டருக்கோ, தனக்குப் பாதுகாப்பு வேண்டுமா என்ற கேள்விக்கு 'இரண்டு' என்ற பதிலைச் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்வதும் வேலையில் சேர்த்தி. எல்லோரிடமும் அதைக் கேட்பது நியாயமில்லை. தொலைபேசியில் பேசினாலும் பலன் கிடைக்கிறது என்று 2020 ஆய்வு காட்டியிருப்பதால், அந்த வாசலில் அவரேதான் போய் நிற்க வேண்டும் என்பதில்லை. அவர் பக்கம் நிற்கும் வேறு யாரும் தொலைபேசி எண்ணைச் சுழற்றலாம்.