நிதியறிவு: சொல் விளக்கம்

பணம், கடன், வட்டி பற்றிய அடிப்படை அறிவை ஆங்கிலத்தில் ‘ஃபைனான்ஷியல் லிட்டரசி’ என்கிறார்கள். அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து, நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஊர்ப் பொது இடத்தில் ‘நிதி எழுத்தறிவு முகாம்’ என்று பேனர் கட்டினால், “என்ன நிதிப்பா வசூல் பண்றீங்க?” என்று யாராவது கேட்பார்கள். கேட்பவர் மேல் குற்றமில்லை. தமிழ்நாட்டுப் பேச்சில் நிதி என்றால் நிவாரண நிதி, கொடிநாள் நிதி, கட்சி நிதி. அதை விட்டால் டெபாசிட் வாங்கும் நிதி நிறுவனம். சட்டத்திலும் ‘நிதி’ ஒரு நிறுவன வகையின் பெயர்: உறுப்பினர்களிடம் மட்டும் டெபாசிட் வாங்கி, அவர்களுக்கே கடன் கொடுப்பது (கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 406). 1872இல் தொடங்கிய மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்ட் இந்த மரபைச் சேர்ந்தது.

நிதி வடசொல். ‘கீழே வைத்தது, சேமித்து வைத்தது’ என்பது வேர்ப்பொருள். அதிலிருந்து புதையல், பெருஞ்செல்வம். அப்பர் பாடிய ‘சங்கநிதி பதுமநிதி’ அந்தப் பொருளில்தான். ஃபைனான்ஸ் வேறு வழியில் வந்தது. லத்தீனில் ‘ஃபினிஸ்’ என்றால் முடிவு. பழைய பிரெஞ்சில் அது கடனைக் கட்டி முடிப்பதைக் குறித்தது. கடன் ‘தீர்ந்தது’, கணக்கை ‘முடி’ என்று நாமும் சொல்கிறோமே, அதே பார்வை.

லிட்டரசி ‘லிட்டரா’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, அதன் பொருள் எழுத்து. ஆங்கிலத்தில் எழுதப் படிக்கத் தெரியாமையைக் குறிக்கும் ‘இல்லிட்டரசி’தான் மூத்த சொல். 19ஆம் நூற்றாண்டில் அதற்கு எதிர்ச்சொல்லாக லிட்டரசி உருவானது. பிறகு ‘ஒரு துறையில் இருக்க வேண்டிய அடிப்படைத் திறன்’ என்று பொருள் விரிந்தது. ‘எழுத்தறிவு’ அப்படி விரியவில்லை. அதைக் கேட்டால் இன்றும் கைநாட்டும் 1990களின் அறிவொளி இயக்கமும்தான் நினைவுக்கு வரும். முகாமில் எதிரே உட்கார்ந்திருப்பவரோ பட்டம் படித்தவராகவும் இருக்கலாம். அவருக்குத் தடுமாற்றம் எண்ணில். ‘எண்ணென்ப ஏனை எழுத்தென்ப’ என்று வள்ளுவரும் எண்ணைத்தான் முதலில் வைத்தார்.

எனவே எழுத்து வழக்குக்கு ‘நிதியறிவு’ போதும். ‘நிதிசார் கல்வி’ என்பதைக் கற்பிக்கும் செயலுக்கு வைத்துக்கொள்ளலாம். திறனுக்கும் கற்பித்தலுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் குழப்பம்தான். இலங்கைத் தமிழில் ‘நிதியியல்’ என்ற வடிவம் ஊன்றியிருக்கிறது, அங்கே அதை மாற்ற வேண்டியதில்லை. பேனருக்கு மட்டும் இவை எதுவும் வேண்டாம். ‘வட்டிக் கணக்கு பழகலாம்’ என்று எழுதினால் வசூல் சந்தேகம் வராது.

வட்டியிலேயே மொழிச் சிக்கல் ஒன்று உண்டு. தன்னார்வலர்கள் அதிகம் சறுக்குவதும் இங்கேதான். ஊர் வழக்கில் ‘ரெண்டு வட்டி’ என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் 2 ரூபாய், ஆண்டுக்கு 24 விழுக்காடு. வங்கி 12 விழுக்காடு என்றால் அது ஆண்டுக் கணக்கு, ஊர் மொழியில் ‘ஒரு வட்டி’. இந்த மாற்றத்தைச் சொல்லாமல் விட்டால், “ரெண்டு எங்கே, பன்னிரண்டு எங்கே! வங்கிதானே கொள்ளையடிக்குது?” என்று கேட்பவர் முடிவுகட்டிவிடுவார்.

அடுத்தது ‘ஃபிளாட்’ வட்டி. இதைக் கரும்பலகையில் போட்டே காட்ட வேண்டும். கடன் 12,000 ரூபாய், ஃபிளாட் 12 விழுக்காடு, 12 தவணை. வட்டி 1,440; மொத்தம் 13,440; மாதத் தவணை 1,120. அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வருகிறது, வட்டி மட்டும் முழு 12,000க்கும் ஓராண்டுக்குப் போடப்பட்டிருக்கிறது. குறையும் நிலுவைக்குக் கணக்கிட்டால் உண்மை வீதம் ஆண்டுக்கு ஏறத்தாழ 21.5 விழுக்காடு. வாயால் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஆறாவது தவணை கட்டியதும் ஏறத்தாழ பாதி அசல் அடைந்திருப்பதை அவர்களையே கணக்குப் போட்டுப் பார்க்கச் சொன்னால் விளங்கிவிடும்.

2024 அக்டோபர் 1 முதல், புதிய சில்லறைக் கடன்களுக்கும் சிறு, குறு, நடுத்தரத் தொழில் கடன்களுக்கும் முக்கிய விவர அறிக்கை தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வட்டியோடு பிற கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வீதம், கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அதில் இருக்க வேண்டும். பயிற்சிக்கு இதைவிட நல்ல தாள் கிடையாது. ஆனால் எந்த வங்கி, எந்த ஃபண்டு நல்லது என்று மாணவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. ஃபண்டைப் பரிந்துரைப்பது முதலீட்டு ஆலோசனை, அதைக் கட்டணம் வாங்கித் தொழிலாகச் செய்யப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியிடம் பதிவு வேண்டும். யுபிஐ சொல்லித்தரும்போது பிறர் போனைக் கையில் வாங்குவதும் வேண்டாம். பின் எண் பணம் அனுப்பத்தான், பெறுவதற்கு அது தேவையே இல்லை என்பதைச் சொல்லிவிட்டு, மோசடி நடந்தால் உடனே அழைக்க வேண்டிய 1930 என்ற எண்ணைப் பலகையின் மூலையில் எழுதி வைத்தால் போதும்.