சூரியத் துகள் புயல்: ஹெர்மானஸ் கருவி சொல்வதும் சொல்லாததும்

டர்பனிலிருந்து திமிங்கலம் பார்க்க ஹெர்மானஸ் போகும் நம்மவர்கள் பலருக்கு, அந்தக் கடலோர ஊரில் 1957 முதல், விண்ணிலிருந்து வரும் துகள்களின் அளவைத் தரையிலிருந்தே கணிக்கும் நியூட்ரான் மானிட்டர் என்ற கருவி இயங்கிவருவது தெரியாது. தென்னாப்பிரிக்க விண்வெளி முகமையான சான்சாவின் விண்வெளி வானிலை மையமும் அங்கேதான் இருக்கிறது.

சூரியனில் ஒரு வெடிப்பு நிகழ்ந்தால் எக்ஸ் கதிர் 8 நிமிடத்தில் வந்துவிடும். விண்வெளி வீரருக்கு உண்மையான ஆபத்து பின்னால் வரும் புரோட்டான்கள், அதாவது சூரியத் துகள் புயல். 100 மில்லியன் எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள புரோட்டான் ஒன்று சுமார் 7.7 செ.மீ. தண்ணீருக்குள் பாயும், எலும்பு மஜ்ஜையை எட்ட அது போதும். சுருண்ட காந்தக் கோடுகள் வழியே இவை வருவதால், சூரியனின் மேற்குப் பாதியில் நடக்கும் வெடிப்புகளைத்தான் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். 2005 ஜனவரி 20 அன்று புரோட்டான்கள் ஏறக்குறைய கால் மணி நேரத்திலேயே வந்துவிட்டன.

மானிட்டருக்குள் நடப்பது இதுதான்: வளிமண்டலத்தில் மோதிச் சிதறிய துகள்கள் ஈயத்தில் மோதி நியூட்ரான்களை உதிர்க்கும், பாலிஎத்திலீன் அவற்றின் வேகத்தைத் தணிக்கும், வாயுக் குழாய் எண்ணும். இதில் காற்றழுத்தம் ஏமாற்றும். அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் எண்ணிக்கை சுமார் 0.7% ஏறும். கேப் பகுதியில் குளிர்காலக் குளிர்முகம் (முன்னேறிவரும் குளிர்ந்த காற்றின் விளிம்பு) ஒன்று 10 ஹெக்டோபாஸ்கலை இறக்கினால், திருத்தாத வரைபடத்தில் 7% 'புயல்' தெரியும். அதனால் அழுத்தத் திருத்தம் இல்லாத எண்ணை யாரும் நம்பக்கூடாது. ஒரே நிலையத்தில் மட்டும் எண்ணிக்கை ஏறினாலும் எச்சரிக்கை விடக்கூடாது, பல நிலையங்களில் சேர்ந்து ஏற வேண்டும்.

ஹெர்மானஸுக்கு மேலுள்ள பூமியின் காந்தப்புலம் குறைந்த ஆற்றல் துகள்களைத் திருப்பிவிடுகிறது. அண்டார்டிகாவில் உள்ள தென்னாப்பிரிக்காவின் சானே நிலையத்தில் அந்தத் தடை மிகக் குறைவு. சானே போன்ற துருவ நிலையங்களில் மட்டும் எண்ணிக்கை ஏறினால் புயல் மென்மையானது, அதாவது துகள்களின் ஆற்றல் குறைவு. ஹெர்மானஸிலும் ஏறினால் மிக அதிக ஆற்றலுள்ள துகள்கள் வந்திருக்கின்றன என்று பொருள். இந்த ஒப்பீடுதான் எனக்கு இந்தக் கருவிகளின் பெரிய மதிப்பாகப் படுகிறது.

அப்போலோ 16, 17 ஆகிய நிலவுப் பயணங்களுக்கு இடையே, 1972 ஆகஸ்டில் பெரும் புயல் வந்தது. நிலவில் அப்போது ஆளில்லை. இன்று நாசாவின் ஓரியன் விண்கலத்தில் எச்சரிக்கை வந்தால், வீரர்கள் கலத்தின் தளத்துக்கு அடியிலுள்ள சாமான் அறைகளுக்குள் இறங்கி, உணவு, உபகரணப் பைகளைச் சுற்றிலும் அடுக்கிக்கொள்ள வேண்டும். ஹைட்ரஜன் மிகுந்த பொருள் புரோட்டானை நன்றாகத் தடுக்கும். மொத்தக் கதிர்வீச்சு மணிக்கணக்கில் சேருவதால், தாமதமாக ஒளிந்தாலும் பலன் உண்டு.

எப்போது வெளியே வருவது என்பதே கடினமான கேள்வி. எண்ணிக்கை இறங்கியதும் வந்துவிடக் கூடாது. வெடிப்பில் கிளம்பிய பிளாஸ்மா மேகம் ஓரிரு நாளில் வந்து சேரும்போது, அதன் அதிர்முனை (மேகத்துக்கு முன்னே ஓடும் அதிர்வலை) மறுபடி புரோட்டான்களைத் தள்ளிக்கொண்டு வரலாம். அவற்றில் பெரும்பாலானவை ஆற்றல் குறைந்தவை என்பதால் தரையிலுள்ள மானிட்டருக்குத் தெரியாது. செயற்கைக்கோள் அளவீட்டைத்தான் பார்க்க வேண்டும். அந்த அதிர்முனை கடந்து, புரோட்டான் அளவும் இறங்கும்வரை விண்வெளி நடையை ஒத்திவைப்பதே சரி.