பூட்டிய வீட்டின் ஹூட்டர் யாரைக் கூப்பிடுகிறது?

நவம்பர் மாத மழை சற்று ஓய்ந்திருந்த இரவு. மணி ஒன்றே முக்கால். கைபேசியில் முன்பின் அறியாத ஒரு பெண்ணின் குரல். "சார், எதிர் வீட்டுக் கேட்டில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் உங்கள் எண் இருந்தது. ஒரு மணி நேரமாக அலறுகிறது. எங்கள் வீட்டில் நாற்பது நாள் குழந்தை இருக்கிறது. எப்படியாவது நிறுத்துங்கள்."

மடிப்பாக்கத்தில் அந்த வீட்டுக்கு அலாரம் பொருத்தியவன் நான்தான். தாம்பரத்திலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். தெருமுனையிலேயே சத்தம் காதைப் பிடித்தது. பத்துப் பதினைந்து பேர் வாசலில் நின்றிருந்தார்கள். பெரியவர் ஒருவர் துண்டைக் காதோடு சேர்த்துக் கட்டியிருந்தார். ஓர் இளைஞர் கையில் கட்டிங் பிளேயரோடு மதில்மேல் ஏறிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்காரர் நியூஜெர்ஸியில். அங்கே அப்போது பிற்பகல், அலுவலக நேரம். அழைப்பை எடுக்கவில்லை. சாவி திருச்சியில் அவருடைய தங்கையிடம். குறுஞ்செய்தி அனுப்பி அலாரத்தை அணைக்கும் வசதி, அலாரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டியான பேனலில் உண்டு. ஆனால் உள்ளே இருந்த சிம் ரீசார்ஜ் செய்யப்படாமல் மாதக்கணக்கில் செத்துக் கிடந்தது. மூன்று மணிக்கு வீட்டுக்காரர் பேசினார். அவருடைய அனுமதியைத் தொலைபேசியில் வாங்கி, ரோந்துக் காவலர் முன்னிலையில் ஏணி போட்டு, சத்தம் எழுப்பும் கருவியான ஹூட்டரில் வெளியே இருந்ததைக் கழற்றினேன். மெயினை அணைத்தோம். வீட்டுக்குள் இருந்த இன்னொரு ஹூட்டர், பேட்டரியின் உயிர் போகும்வரை, நாலரை மணி வரைக்கும் முனகிக்கொண்டே இருந்தது.

மறுநாள் தங்கை சாவியோடு வந்தார். ஹாலில் இருந்த மோஷன் சென்சாரின் மூடியைத் திறந்தேன். உள்ளே பல்லி முட்டையின் ஓடு.

திருடன் வரவில்லை, பல்லி வந்தது என்று அத்தோடு முடித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஹூட்டர் எத்தனை நிமிடம் ஒலிக்க வேண்டும் என்பதைப் பேனலில் நாம்தான் அமைக்கிறோம். "திருடன் ஓடுகிற வரைக்கும் நிற்கவே கூடாது" என்று வீட்டுக்காரர் கேட்டார். நானும் அப்படியே அமைத்துக் கொடுத்திருந்தேன். அந்தக் குழந்தையின் தூக்கம் போனதில் என் பங்கும் இருந்தது. இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இதை எழுதுவதற்கு அதுவே காரணம்.

வீட்டு அலாரங்கள் திருடன் இல்லாமலே ஏன் அலறுகின்றன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மோஷன் சென்சார் கண்ணால் பார்ப்பதில்லை. தன் எதிரே உள்ள வெப்பம் திடீரென்று இடம் மாறுவதைத்தான் உணர்கிறது. ஐந்தடி உயர மனிதன் அறைக்குள் நடந்தாலும் சரி, சென்சாரின் லென்ஸ் மேலேயே இரண்டு அங்குலப் பூச்சியோ பல்லியோ ஊர்ந்தாலும் சரி, அதற்கு ஏறக்குறைய ஒன்றுதான். நம் ஊர் வீடுகளில் டியூப்லைட் அருகே பூச்சி வரும், பூச்சியைத் தேடிப் பல்லி வரும். சென்சாரையும் பெரும்பாலும் அதே சுவரின் மூலையில்தான் பொருத்துகிறோம். ஜன்னல் வழியே வெயில் நேராக விழும் இடம், ஏசி காற்று அடிக்கும் இடம், திரைச்சீலை ஆடும் இடம் எல்லாமே சென்சாருக்கு ஆகாதவை.

கதவு சென்சார் வேறு வகை. சட்டத்தில் ஒரு துண்டு, கதவில் ஒரு காந்தம். இரண்டும் விலகினால் மணி அடிக்கும். மழைக்காலத்தில் மரக்கதவு ஊதும், சட்டம் நெளியும். சரியாகப் பொருந்தாத கதவைக் காற்று ஒரு தள்ளு தள்ளினால் போதும்.

பலரும் கவனிக்காத மூன்றாவது காரணம் பேட்டரி. பேனலுக்குள் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று இருக்கும். நல்ல பேட்டரி 3 முதல் 5 ஆண்டுகள் உழைக்கும் என்பார்கள். பூட்டிய வீட்டுக்குள், சென்னை வெயிலில் புழுங்கும் பேட்டரிக்கு அந்த ஆயுள் கிடையாது. மின்சாரம் போய் வரும்போது பலவீனமான பேட்டரி தடுமாறும், பேனல் குழம்பும், ஹூட்டர் கத்தும். மின்வெட்டு முடிந்த சில நிமிடங்களில் ஒரு தெருவில் அலாரம் அடித்தால், எனக்கு முதலில் பேட்டரி மேல்தான் சந்தேகம் போகும்.

இப்போது, நள்ளிரவில் பக்கத்து வீட்டு அலாரம் அடிக்கிறது, நீங்கள் படுக்கையில் எழுந்து உட்கார்ந்திருக்கிறீர்கள்.

உண்மையான ஆபத்து இருக்கலாம் என்று எண்ணித்தான் முதல் இரண்டு நிமிடம் நடந்துகொள்ள வேண்டும். உங்கள் வீட்டு மாடியிலிருந்தோ ஜன்னலிலிருந்தோ பாருங்கள். கதவு திறந்திருக்கிறதா, உள்ளே வெளிச்சம் அசைகிறதா, புகை தெரிகிறதா? அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் வெளியே போகாமல் 112-க்கு அழையுங்கள். எரிவாயு வாசனை வந்தால் அந்த வீட்டு வாசலில் காலிங் பெல்லை அழுத்தாதீர்கள், எந்தச் சுவிட்சையும் தொடாதீர்கள். தள்ளி நின்று, சமையல் எரிவாயுக் கசிவுக்கான 1906 என்ற எண்ணையும் தீயணைப்புத் துறையின் 101-ஐயும் அழையுங்கள்.

சத்தத்தின் வகையையும் கவனியுங்கள். அரை நிமிடத்துக்கோ ஒரு நிமிடத்துக்கோ ஒரு தடவை 'கீச்' என்று ஒரு ஒலி வந்தால் அது பெரும்பாலும் புகை சென்சார் தன் பேட்டரி தீர்வதைச் சொல்கிறது. விட்டுவிட்டுப் 'பீப்' என்றால் இன்வெர்ட்டராக இருக்கலாம். தண்ணீர்த் தொட்டி நிரம்பியதைச் சொல்லும் கருவி விடிய விடியப் பேசிக்கொண்டிருந்த வீட்டுக்கும் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஏறி இறங்கி இடைவிடாமல் அலறுவதுதான் திருட்டு அலாரம். தொலைபேசியில் இந்த ஒரு விவரத்தைச் சொன்னாலே வருகிறவன் எதை எடுத்துக்கொண்டு வர வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

கட்டிங் பிளேயர் இளைஞரை நான் ஏன் தடுத்தேன் என்று அன்று பலரும் கேட்டார்கள். பிறர் வீட்டு மதில் ஏறுவது அத்துமீறல் என்பது ஒரு பக்கம். இன்னொன்று தொழில்நுட்பம். நல்ல வெளி ஹூட்டருக்குள் தனி பேட்டரி இருக்கும். திருடன் வயரை வெட்டினால் அலற வேண்டும் என்பதற்காகவே செய்யப்பட்டது அது. பேனல் அணைந்து அமைதியாக இருக்கும் ஹூட்டரைக்கூட, வயரை வெட்டி நீங்களே எழுப்பிவிட முடியும். மெயினை மட்டும் அணைப்பதும் உதவாது. பேட்டரி தாங்கும்வரை அது கத்தும். மழை ஈரத்தில், இருட்டில், மின்வயர் அருகே ஏணியில் நிற்பது உயிருக்கே ஆபத்து என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே செய்யக்கூடியது, ஆளைத் தேடுவதுதான். வீட்டுக்காரர், அவருடைய உறவினர், வாடகைக்கு விட்டவர், குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர், கேட்டில் உள்ள ஸ்டிக்கரில் இருக்கும் நிறுவனத்தின் எண். யாரும் கிடைக்காவிட்டால் 112. அழைக்கத் தயங்க வேண்டாம். பூட்டிய வீட்டில் அலாரம் அடிப்பது காவல் துறைக்குத் தெரிய வேண்டிய செய்தி. அழைத்த நேரத்தைக் குறித்து வையுங்கள். ஒலியைக் கைபேசியில் ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். மறுநாள் பேசும்போது "ராத்திரி முழுவதும்" என்பதைவிட "12.40 முதல் 4.30 வரை" என்று சொன்னால் கேட்பவர் மறுக்க முடியாது.

எவ்வளவு சத்தம் என்பதையும் கணக்காகவே பார்க்கலாம். ஒரு ஹூட்டர் ஒரு மீட்டர் தூரத்தில் 110 டெசிபெல் ஒலிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். திறந்தவெளியில் 10 மீட்டர் தள்ளி அது 90 டெசிபெல். நம் தெருக்களில் எதிர் வீட்டுப் படுக்கையறை ஜன்னல் அந்தத் தூரத்தில்தான் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வைத்திருக்கும் அளவு 45 டெசிபெல். இந்த விதிகளின்படி மாவட்ட ஆட்சியர், காவல் ஆணையர் அல்லது துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி போன்றோரிடம் புகார் கொடுக்கலாம். திரும்பத் திரும்ப நடந்து, சொல்லியும் கேட்காதபோது, பொதுத் தொல்லையை அகற்ற நிர்வாக நடுவர் உத்தரவிட பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆவது பிரிவில் இடம் உண்டு. அது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆவது பிரிவு. ஆனால் அந்த வழிக்கு நாளாகும். இன்றிரவே சத்தத்தை நிறுத்த சட்டப்புத்தகத்தைவிட ஒரு சாவி உதவும்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005-இல் கொண்டுவந்த ஒரு சட்டம் இதை நேராகவே பிடித்திருக்கிறது. உள்ளாட்சி அமைப்பு ஒரு பகுதியை அலாரம் அறிவிப்புப் பகுதியாக அறிவித்தால், அங்கே அலாரம் வைத்திருப்பவர் சாவி வைத்திருக்கும் ஒருவரை நியமித்து, அந்த விவரத்தைக் கொடுக்க வேண்டும். அவரிடம் சாவி மட்டும் இருந்தால் போதாது, அலாரத்தை நிறுத்தவும் தெரிந்திருக்க வேண்டும். தொடர்ந்து 20 நிமிடமோ, விட்டுவிட்டு ஒரு மணி நேரமோ ஒலித்து அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லையானால், சில நிபந்தனைகளோடு அதிகாரி அந்த இடத்துக்குள் சென்று நிறுத்தலாம். நமக்கு அப்படி ஒரு சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நாமே செய்துகொள்ள முடிகிற காரியம் இது.

வீட்டுக்காரர்களிடம் நான் மன்றாடிக் கேட்பது இதைத்தான். ஹூட்டர் என்பது அக்கம்பக்கத்தாரை நோக்கிய கூப்பாடு. நீங்கள் இல்லாத நேரத்தில் அவர்கள் எழுந்து வந்து பார்க்க வேண்டும் என்று கேட்கிறீர்கள். அப்படிக் கேட்கிறவர், அவர்களுக்குச் சாவியையும் கொடுக்காமல், எண்ணையும் கொடுக்காமல், ஊருக்குப் போவதையும் சொல்லாமல் கிளம்புவது நியாயமில்லை. பக்கத்து வீட்டில் சாவி கொடுக்கத் தயக்கமாக இருந்தால் அரை மணி நேரத்தில் வந்து சேரக்கூடிய உறவினரிடம் கொடுங்கள். அவருடைய எண்ணை எதிர் வீட்டில் கொடுங்கள். அலாரத்தை அணைக்க அவருக்குத் தனியாக ஓர் இரகசிய எண் அமைக்கலாம். ஊரிலிருந்து திரும்பியதும் அதை மாற்றிவிடலாம். பூட்டிவிட்டுப் போகும் விவரத்தைக் காவல் நிலையத்திலும் சொல்லிவிட்டுப் போங்கள்.

ஹூட்டர் ஒலிக்கும் நேரம் 10 அல்லது 15 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அதற்குள் ஓடாத திருடன் நான்கு மணி நேரத்திலும் ஓடமாட்டான். செல்பேசிக்கு அழைப்பு போவது தொடரட்டும், அது யாருடைய தூக்கத்தையும் கெடுக்காது. அந்த சிம்முக்கு ரீசார்ஜ் தேதியை உங்கள் காலண்டரில் எழுதுங்கள். பேட்டரியை மூன்று ஆண்டுக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள். நீண்ட பயணத்துக்கு முன்பு சென்சார்களைத் துணியால் துடைத்து, பூச்சி நுழையாதபடி மூடியின் இடுக்கு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

இவ்வளவு வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வேறொரு பகுதியில், நான் சர்வீஸுக்குப் போகும் ஒரு வீட்டில் ஓர் ஆண்டில் ஆறேழு முறை வீண் அலாரம் அடித்தது. பேட்டரியை மாற்றச் சொல்லி நான் எழுதிக் கொடுத்தது மேசை இழுப்பறையிலேயே இருந்தது. மே மாத விடுமுறையில் ஒரு நாள் இரவு மீண்டும் அடித்தது. அந்தத் தடவை பின்கதவை நெம்பியிருந்தார்கள். பக்கத்து வீட்டு அம்மாவுக்குச் சத்தம் கேட்டிருக்கிறது. "வழக்கம்போல்தான் என்று தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு படுத்துவிட்டேன்" என்று அவர் என்னிடம் சொன்னபோது அழுதார். அவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை. ஆறு முறை அவர் எழுந்து வந்து வெளியே நின்று பார்த்திருக்கிறார்.

மறுநாள் பேச வேண்டிய விதம் பற்றியும் ஒரு வார்த்தை. கோபத்தோடு போனால் பேச்சு அலாரத்தை விட்டு மதில், மாமரம், வண்டி நிறுத்தும் இடம் என்று எங்கெங்கோ போய்விடும். "உங்கள் வீட்டுக்குத் திருடன் வந்துவிட்டானோ என்று பயந்துவிட்டோம். அடுத்த தடவை யாரைக் கூப்பிட வேண்டும்?" என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்விக்கு எண் தராத வீட்டுக்காரரை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன்.

மடிப்பாக்கம் வீட்டில் இப்போது ஹூட்டர் 10 நிமிடத்தில் தானாக நின்றுவிடும். மோஷன் சென்சாரை டியூப்லைட்டிலிருந்து தள்ளி எதிர்ச்சுவருக்கு மாற்றி, வயர் நுழையும் துளையை சிலிகான் வைத்து அடைத்திருக்கிறேன். ஒரு சாவி, அன்று எனக்குத் தொலைபேசி செய்த அந்தப் பெண்ணின் வீட்டில், அவருடைய மாமியாரின் பீரோவில் இருக்கிறது. அதைக் கொடுக்க வீட்டுக்காரர் சென்னை வந்தபோது நேரில் போய் மன்னிப்புக் கேட்டார். அடுத்த மழைக்காலத்தில் காற்றில் கதவு ஆடி மறுபடியும் அலாரம் அடித்தது. வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மாமியாரும் மருமகளும் டார்ச்சோடு போய் அணைத்துவிட்டு வந்தார்கள். நான்கு நிமிடம். எனக்குத் தகவல் வந்தது காலை ஏழு மணிக்கு.