அடியாத மாடு ஏன் உண்மை போலக் கேட்கிறது?

"அடியாத மாடு படியாது" என்று சொல்லிக்கொண்டே பிள்ளையின் முதுகில் ஒன்று வைப்பவர்களை நாம் எல்லோருமே பார்த்திருப்போம். அந்தப் பழமொழி மேல் எனக்கு ரொம்ப நாளாகக் கோபம் உண்டு. அதையே "அடி வாங்காத மாடு சொன்ன பேச்சைக் கேட்காது" என்று சொல்லிப் பாருங்கள். அப்படியா, யார் சொன்னது, பிள்ளையும் மாடும் ஒன்றா என்று உடனே கேட்கத் தோன்றும். பழமொழியாக வரும்போது மட்டும் அந்தக் கேள்வி எழுவதில்லை, ஏனென்றால் அடியாத, படியாது என்று எதுகை வந்து உட்கார்ந்ததுமே வாதம் முடிந்துவிட்ட மாதிரி ஆகிவிடுகிறது.

இதை உளவியலில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். மெக்லோன், தொஃபிக்பக்‌ஷ் என்ற இருவர் 2000-இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வு அது. அதிகம் புழங்காத ஆங்கில முதுமொழிகளை எடுத்துக்கொண்டு, ஓசை தரும் ஒரு சொல்லை மட்டும் மாற்றினார்கள். துன்பம் வந்தால் பகைவரும் ஒன்றுசேர்வார்கள் என்ற பொருளில் "வோஸ் யுனைட் ஃபோஸ்" என்று ஒன்று. ஃபோஸ் இருந்த இடத்தில் அதே பொருளுள்ள எனிமீஸ். கருத்து துளியும் மாறவில்லை, ஆனாலும் ஓசையோடு இருந்த வடிவங்களைத்தான் மாணவர்கள் கூடுதல் உண்மை என்று மதிப்பிட்டார்கள்.

காரணம், ஓசை இயைந்த வாக்கியம் மூளைக்குச் சிரமம் தருவதில்லை. முன்பே கேட்ட, பழகிய விஷயங்கள்தான் பொதுவாக இப்படிச் சுலபமாக உள்ளே போகும். பழகியது பெரும்பாலும் சரியாகவும் இருந்திருக்கும். அதனால் அந்தச் சுலபத்தையே உண்மைக்கு அடையாளமாக மூளை எடுத்துக்கொள்கிறது. சொன்னதையே திரும்பச் சொன்னாலும் இதுதான் நடக்கும். 1977-இல் நடந்த ஓர் ஆய்வில் இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை கேட்ட தகவல்களை, அவை பொய்யாகவே இருந்தாலும், மாணவர்கள் முன்பைவிட அதிகமாக நம்பினார்கள்.

அரசியல் மேடைக்கு இது நன்றாகவே தெரியும். "வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது" என்று திமுக எழுப்பிய முழக்கத்தில் வ-வா, தெ-தே என்ற மோனையும் எதிரெதிர்ச் சொற்களும் சேர்ந்தே வேலை செய்கின்றன. "வடக்கு முன்னேறுகிறது, தெற்கு பின்தங்குகிறது" என்றால் பொருள் அதேதான், ஆனால் அதை வைத்து ஊர்வலம் போக முடியாது. வாழ்வதும் தேய்வதும் உயிருக்கும் நிலவுக்கும் உரிய சொற்கள் என்பதால், பொருளாதாரக் கணக்கு ஒன்று கண்ணுக்குத் தெரிகிற காட்சியாகவும் மாறிவிட்டது.

சரி, எதுகை மோனை இருந்தாலே ஏமாற்று என்று அர்த்தமா? கிடையாது. சொல் அழகையும் கருத்தையும் பிரித்துப் பாருங்கள் என்று முன்கூட்டியே சொன்னபோது, மெக்லோன் ஆய்வில் ஓசைக்குக் கிடைத்த அந்தக் கூடுதல் நம்பிக்கை குறைந்துபோனது. நாமும் ஓசையைக் கழற்றிவிட்டுப் பார்க்கலாம். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பதை "ஆடி மாதத்தில் விதைத்துவிடு" என்று மாற்றினால் இனிமை போய்விடும், ஆனால் அடுத்து வரும் மழையில் பயிர் வளரும் என்ற காரணம் அப்படியே நிற்கும். மாட்டையும் பிள்ளையையும் பற்றிய அந்த வாக்கியத்தில் ஓசையை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது பிரம்பு மட்டும்தான்.