துளையிலை அன்று, ஒளியதர் இலை

ஃபெனெஸ்ட்ராரியா என்ற செடியைத் 'துளையிலைச் செடி' என்று எழுதியிருப்பதை நேற்றும் படித்தேன். எத்தனையாவது முறையோ! அந்த இலையில் துளையே கிடையாது.

நமீபியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் வறண்ட மணலில் வளரும் சதைப்பற்றுத் தாவரம் இது. சுண்டுவிரல் போன்ற இலைகள் மணலுக்குள் புதைந்திருக்க, நுனி மட்டும் வெளியே தெரியும். வெயிலுக்கும் நீரிழப்புக்கும் தப்பவே இந்தப் பதுங்கல். ஆனால் பச்சையத்துக்கு ஒளி வேண்டுமே? அதற்குத்தான் நுனியில் பச்சையமற்ற, ஒளி ஊடுருவும் தோல். இலை ஒன்றை நெடுக்காக வகிர்ந்து பாருங்கள். நடுவில் கற்றாழைச் சோறு போலத் தெளிந்த நீர்த்திசு. பச்சை நிறமோ ஓரச் சுவரை ஒட்டி மெல்லிய பட்டையாகக் கீழே இறங்கும். நுனியில் விழும் வெயில் அந்த நீர்த்திசுவில் சிதறிக் கடுமை தணிந்து, மண்ணுக்கடியில் இருக்கும் பச்சையை உள்ளிருந்தே எட்டுகிறது. கூழாங்கல்லைப் போலிருக்கும் லித்தாப்ஸும் ஹவோர்த்தியா வகைகள் சிலவும் இப்படித்தான் ஒளி பெறுகின்றன.

பெயரின் வேர் லத்தீன்: 'ஃபெனெஸ்ட்ரா' என்றால் சன்னல். மான்ஸ்டெரா என்ற கொடியின் இலையில் விழும் ஓட்டைகளுக்கும் தாவரவியலார் இதே வேரிலிருந்துதான் சொல் எடுத்தார்கள். குழப்பம் அங்கே தொடங்குகிறது. மான்ஸ்டெராவுக்குத் துளை என்பது சரி; அங்கே விரலை நுழைத்து மறுபக்கம் எடுக்கலாம். ஃபெனெஸ்ட்ராரியாவில் துளை இருந்தால் செடி காய்ந்து செத்துவிடும். சேமித்த நீரைக் காப்பதற்காகவே மூடிய தோல் அது. மொழிபெயர்த்தவர் அகராதியைப் புரட்டினார், செடியைப் பார்க்கவில்லை. அறிவியல் தமிழில் இந்த நோய் பரவிக் கிடக்கிறது. முள் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் சதைப்பற்றுத் தாவரம் எல்லாவற்றையும் 'கள்ளி' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். படிக்கும் மாணவன் எதை நம்புவான்?

'காலதர் இலை' என்று எழுதுகிற தூய தமிழ் அன்பர்களிடமும் எனக்கு வழக்கு உண்டு. சன்னல் போர்ச்சுகீசியச் சொல், அதை விலக்க வேண்டும் என்ற அவர்கள் ஆசை எனக்கும் உரியதே. சன்னலைக் குறிக்கும் காலதர் அருமையான சொல். 'மான்கண் காலதர்' என்று சிலப்பதிகாரத்திலேயே இருக்கிறது. ஆனால் கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காற்று வரும் வழி! இந்த இலைநுனி இருப்பதோ ஒளியை விடுவதற்கு. சொல் தமிழாக இருந்தால் போதாது, பொருளும் பொருந்த வேண்டும்.

அந்தச் சொல்லின் அச்சிலேயே வார்த்தால் 'ஒளியதர்' கிடைக்கிறது. ஒளி செல்லும் வழி. நுனி முதல் அடி வரை இலைக்குள் நடப்பதே அதுதான். ஒளி ஊடுருவும் நுனிக்கு ஒளியதர் என்றும், அதை உடைய இலைக்கு ஒளியதர் இலை என்றும் எழுதலாம். துளையிலை மான்ஸ்டெராவிடமே இருக்கட்டும்.