27,575 டாலருக்குள் அடங்காத செலவு

வேலைவெட்டி இல்லாத இரண்டு பேர், ஒரு கடை, ஒரே நாள் கதை. இப்படிப் படம் எடுக்க நினைப்பவர்களுக்கு 1994-இல் வந்த 'கிளர்க்ஸ்' நல்ல பாடம். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், தான் வேலை பார்த்த கடையிலேயே கெவின் ஸ்மித் அதை எடுத்தார். கிரெடிட் கார்டில் கடன் வாங்கி, காமிக்ஸ் புத்தகங்களை விற்று, 27,575 டாலரில் முடித்தார்.

பகலில் வியாபாரம் நடப்பதால் இரவில்தான் படப்பிடிப்பு. கதையோ பகலில் நடப்பது. ஜன்னலில் இருட்டு தெரியக்கூடாது. அதனால் பூட்டுக்குள் யாரோ சூயிங்கம் திணித்துவிட்டார்கள், ஷட்டர் திறக்கவில்லை என்று கதையிலேயே எழுதிவிட்டார். கடை திறந்திருப்பதை நாயகன் பெட்ஷீட்டில் ஷூ பாலிஷால் எழுதி மாட்டுகிறான். இல்லாமையே நகைச்சுவையாகிவிட்டது. கறுப்பு வெள்ளையில் எடுத்ததால் கலர் ஃபிலிமில் டியூப்லைட் வெளிச்சம் காட்டும் பச்சைச் சாயல் பற்றிய கவலையும் இல்லை.

16 எம்.எம். ஃபிலிமில் 400 அடி ரோல் 11 நிமிடம்தான் ஓடும். 90 நிமிடப் படத்துக்குச் சராசரியாக மூன்று டேக் (ஒரே ஷாட்டை மூன்று முறை எடுப்பது) என்றாலே 25 ரோல் வேண்டும். ஒத்திகை பார்க்காமல் கேமராவைத் தொட முடியாது. டிஜிட்டலில் அந்தக் கட்டாயம் போய்விட்டது. நடிகர்கள் வாய்க்கு வந்தபடி பேச, ஒருவர் வசனத்தின் மேல் இன்னொருவர் வசனம் விழுகிறது. எடிட்டிங்கில் அதை வெட்ட இடமே கிடைக்காது. அரட்டைப் படத்துக்குத்தான் ஒத்திகை அதிகம் தேவை.

ஆனால் ஜன்னல் இருட்டைப் போல ஒலியைக் கதையால் சமாளிக்க முடியாது. கடையில் ஃபிரிட்ஜின் கம்ப்ரஸர் நின்று நின்று ஓடும். ஒரு ஷாட்டில் இரைச்சல் இருக்கும், அடுத்ததில் இருக்காது. ஒட்டும்போது அந்த இடம் பளிச்சென்று காதில் விழும். டேக்குக்கு முன் அணைத்துவிடுங்கள். வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வையுங்கள். வீட்டுக்குக் கிளம்பும்போது மறுபடி போட மறக்க மாட்டீர்கள். ஒவ்வோர் இடத்திலும் யாரும் பேசாமல் ஒரு நிமிட வெற்று ஒலியும் பதிவு செய்யுங்கள்; எடிட்டிங்கில் ஒட்டும் இடங்களை நிரப்ப உதவும்.

அடுத்தது பாட்டு. சன்டான்ஸ் திரைப்பட விழாவுக்குப் பிறகு 'கிளர்க்ஸ்' படத்தை மிராமேக்ஸ் என்ற விநியோக நிறுவனம் வாங்கியது. அதில் வரும் பாடல்களின் உரிமைக்கு, படம் எடுத்ததைவிட அதிகம் செலவானது. வாங்க நிறுவனம் கிடைக்காத படத்தில் இந்தத் தொகையை யார் தருவார்? ஒரு பாட்டுக்கு இரண்டு அனுமதி வேண்டும்: மெட்டு, வரிகளுக்கு ஒன்று, ஒலிப்பதிவுக்கு ஒன்று. ஐந்து வினாடிக்கு அனுமதி வேண்டாம் என்பது வெறும் நம்பிக்கை. பக்கத்து டீக்கடை ரேடியோ வசனத்தோடு சேர்ந்து பதிவானாலும் இதே சிக்கல்தான். டேக்குக்கு முன் அங்கே ஒருவரை அனுப்பி ரேடியோவை அணைக்கச் சொல்லுங்கள்.