கூட்டாளி யாரென்று ஏஸுக்குத்தான் தெரியும்

ஸ்காட், ஷாஃப்கோப்ஃப் என்று இரண்டு ஜெர்மன் சீட்டாட்டங்கள். இரண்டிலும் சீட்டுக்கட்டில் 32 சீட்டு. ஏழுக்குக் கீழே எதுவும் கிடையாது. ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 4, ராணிக்கு 3, ஜாக்கிக்கு 2, மற்றதெல்லாம் வெறும் சீட்டு. மொத்தம் 120. ஆட்டத்தை ஏற்றவர் ஜெயிக்க 61 எடுக்க வேண்டும். 60 எடுத்தால் தோல்விதான். ஜெர்மனியின் ஸ்காட், பவேரியாவின் ஷாஃப்கோப்ஃப் இரண்டுக்கும் இந்தக் கணக்கு பொது. ராஜாவைப் பத்து அடிக்கும் என்பதும் பொது. 28, 304 என்ற நம்மூர்ச் சீட்டாட்டங்களை ஆடிப் பழகியவர்களுக்கு அது புதிதல்ல. ஆட்டம் வேறாவது, எது மறைந்திருக்கிறது என்பதில்தான்.

ஸ்காட் 1810-களில் துரிங்கியாவின் ஆல்டன்புர்க் ஊரில் உருவெடுத்தது, அதுவும் பழைய ஷாஃப்கோப்ஃபின் வழியில். அந்த ஊரில் நான்கு ஜாக்கிகள் கட்டிப் புரளும் சிலையோடு ஒரு நீரூற்றே இருக்கிறது, 1903-இல் கட்டியது. ஆடுபவர்கள் மூன்று பேர். ஆளுக்கு 10 சீட்டு, மீதி இரண்டு கவிழ்த்தபடி நடுவில். அந்த இரண்டுக்குப் பெயர்தான் ஸ்காட். 18-இல் தொடங்கி ஏலம் ஏறும். எடுத்தவர் தனி ஆள், மற்ற இருவரும் அவருக்கு எதிரணி.

ஏலம் எடுத்தவர் நடுச்சீட்டு இரண்டையும் கையில் சேர்த்து, வேண்டாத இரண்டைக் கவிழ்த்து வைக்கிறார். இப்போது அவருக்கு 12 சீட்டின் இடம் தெரியும். மீதி 20 இரண்டு கைகளில் பிரிந்திருக்க 1,84,756 வழிகள். எதிரணிக்காரருக்குத் தெரிந்ததோ தன் கையிலுள்ள 10 மட்டும். வெறும் எண்ணிக்கையாகப் பார்த்தால் அவர் முன்னால் 4,26,78,636 வழிகள், அதாவது 231 மடங்கு. தனியாக இருவரை எதிர்க்கும் ஆளுக்கு ஆட்டம் தரும் ஈடு இதுதான். ஆனால் நடுச்சீட்டை நம்பி ஏலத்தை ஏற்றுவது வேறு கதை. துருப்புகளில் உச்சமான நான்கு ஜாக்கிகளில் இரண்டு கையில் இல்லை என்றால், அந்த இரண்டில் ஒன்றாவது நடுவில் கிடைக்க வாய்ப்பு 18 சதவீதத்துக்கும் குறைவு.

ஷாஃப்கோப்ஃபில் நடுவில் எதுவும் இல்லை. நான்கு பேர், ஆளுக்கு 8. ராணி கூட இல்லை. அந்த இடத்தில் ஓபர் என்ற ஆண். ஜாக்கியின் இடத்தில் உன்டர். சாதாரண ஆட்டத்தில் நான்கு ஓபர், நான்கு உன்டர், ஆட்டின் (ஹார்ட்ஸ்) வகையில் மீதி ஆறு சீட்டு என 14 துருப்பு. மீதி மூன்று வகையில் ஒன்றின் ஏஸை ஆட்டத்தை ஏற்றவர் பெயர் சொல்லி அழைப்பார். அது யார் கையிலோ அவர்தான் கூட்டாளி. அவர் வாயே திறக்க மாட்டார்.

இங்கேதான் எனக்கு இந்த ஆட்டம் ஸ்காட்டைவிடப் பிடித்துப்போகிறது. சீட்டுக் கணக்கில் நால்வரும் சமம். ஒவ்வொருவர் முன்னாலும் சுமார் 946 கோடி வழிகள். ஆனால் அணி எது என்று ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அழைத்தவருக்கே தெரியாது! தன் எதிரில் உட்கார்ந்திருப்பவர் துருப்பை இறக்கினால் 'இவர் நம்ம ஆளோ' என்று ஊகிக்கலாம், அவ்வளவுதான். துருப்பு இறக்குவது ஏற்றவர் அணியின் வழக்கம். எதிரணியோ அழைத்த வகையையே முதலில் இறக்கி ஏஸைத் தேடும். அந்த வகை முதன்முறை வரும்போது ஏஸ் வெளியே வந்தாக வேண்டும். எதிரணியில் மற்றவரிடம் அந்த வகை இல்லாவிட்டால் துருப்பால் வெட்டி 11 புள்ளியை அள்ளிவிடுவார்.

எந்த ஏஸை அழைப்பது என்பதும் அதனால்தான் யோசிக்க வேண்டிய விஷயம். அழைக்கும் வகையில் ஒரு சீட்டாவது கையில் இருக்க வேண்டும் என்பது விதி. ஒன்று மட்டும் இருந்தால், எதிரணி இருவரில் ஒருவர் கையிலாவது அந்த வகை இல்லாதிருக்க வாய்ப்பு சுமார் 30 சதவீதம். இரண்டு இருந்தால் அது 49-க்குப் போய்விடும், ஏனென்றால் வெளியே பரவ ஏஸோடு சேர்த்து நான்குதான் மிச்சம். அந்த இரண்டில் ஒன்று பத்தாக இருந்தால் அதைக் காப்பாற்றவும் வேண்டும். ஒரே பிடியில் ஏஸும் பத்தும் போனால் 21 புள்ளி. அப்புறம் எஞ்சிய 99-இல் 61 தேட வேண்டும்.